புள்ளிக்கோட்டுக் கை

"இந்தக் கையை இன்னொரு தரம் மாத்தணும்மா" என்றார் முத்தையா.

பவித்ராவுக்கு வந்ததே கோபம். இது நாலாவது தடவை.

ஃபேரர் பார்க்கில் ஒரு மளிகைக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். காப்புரிமை விண்ணப்பங்களுக்குப் படம் வரைவதுதான் அவள் வேலை. முத்தையா சுவா சூ காங்கிலிருந்து வருகிறவர், தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். விரல் இழந்தவர்களுக்காக ஒரு பிடி செய்திருக்கிறார். அதை உள்ளங்கையில் வார் போட்டு மாட்டிக்கொண்டு ஒரு கரண்டியைச் செருகினால் போதும், யார் தயவும் இல்லாமல் சாப்பிடலாம். நல்ல சாமான், குறையே சொல்ல முடியாது.

குறையெல்லாம் அந்த மனிதரிடம்தான்.

"இப்ப என்ன அங்கிள்?"

"மோதிர விரல் முழுசா போகலம்மா. முதல் கணு வரைக்கும் இருக்கும். கட்டைவிரல் கொஞ்சம் வெளிப்பக்கமா சாயும்."

"அங்கிள், நாம பேட்டண்ட் கேக்கிறது உங்க பிடிக்கு. கைக்கு இல்ல. கை இதுல சேராது. அதனாலதான் அதை மட்டும் புள்ளிக்கோட்டுல போட்டிருக்கேன். அந்தக் கையை யாரும் உத்துப் பாக்கப் போறதில்ல."

"இருந்தாலும் சரியா இருக்கட்டும்."

"மணி மூணரை. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஃபைல் பண்ணணும். நாளைக்குக் கண்காட்சியில இதை ஊருக்கே காட்டப் போறீங்க. அதுக்கு முன்னாடி அனுப்பலன்னா வெளிநாட்டுல பேட்டண்ட் கிடைக்கிறது கஷ்டம். ரெண்டு வருஷமா பாடுபட்டது வீணாப் போயிடும்."

"கை சரியா இல்லாட்டி அனுப்ப வேணாம்மா."

இதற்கு மேல் என்னத்தைப் பேசுவது? பவித்ரா எழுந்து முதலாளி சுஜீந்திரன் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"பிடிவாதம்னு நெனக்கிறியா? இது வியாபாரம்லா" என்றார் சுஜீந்திரன், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்தப் படத்தையே கண்காட்சியிலயும் வைப்பாரு. பாவப்பட்ட கையைக் காட்டினாத்தான் ஜனங்க மனசு இளகும். அவர் கையைப் பாத்தியா? பத்து விரலும் அப்படியே இருக்கு."

இவ்வளவு நாளாக அவளுக்கு அது தோன்றவே இல்லை. திரும்பி வந்து பார்த்தாள். கோப்பி கப்பைப் பிடித்திருந்த கையில் ஒரு கீறல்கூட இல்லை. யாரோ ஒருத்தருடைய ஊனத்தை வைத்துப் பேர் வாங்கப் பார்க்கிறாரே என்று அவளுக்கு மனசு கசந்துபோயிற்று.

உட்கார்ந்தாள். வரைந்துகொண்டே கேட்டாள், கொஞ்சம் வெடுக்கென்றுதான்.

"இது யாரு கை அங்கிள்? வரையறதுக்கு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

முத்தையா போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். முப்பது வயசிருக்கும் ஓர் ஆள், தரையில் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறான். கையில் அதே பிடி. முகமெல்லாம் சிரிப்பு.

"வெங்கடேஷ்னு பேரு. எங்க ஃபேக்டரியில தகடு அழுத்துற பிரஸ் மெஷின்ல வேலை செஞ்சான். கை போனதும் ஊருக்கு அனுப்பிட்டாங்க. அவனுக்காகத்தான் முதல்ல இதைச் செஞ்சேன்."

"இப்ப எப்படி இருக்கார்?"

"வாராவாரம் போன் பண்றான். 'அண்ணே, நீங்க இல்லாட்டி என் பொண்டாட்டி ஊட்டித்தான் நான் சாப்பிடணும்'னு சொல்லுவான். போன மாசம் ஆம்பளைப் பிள்ளை பொறந்திருக்கு. முத்தையான்னு என் பேரையே வெச்சிருக்கான்."

இப்படிப்பட்ட மனிதரையா தப்பாக நினைத்தோம் என்று பவித்ராவுக்கு வெட்கமாக இருந்தது. மோதிர விரலை முதல் கணு வரை இழுத்தாள். கட்டைவிரலைச் சாய்த்தாள். போனில் இருந்த கையைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு புள்ளியாகச் சரிசெய்தாள்.

"இப்ப பாருங்க அங்கிள்."

அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆமா. இதான் அவன் கை."

நாலே முக்காலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பவித்ரா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"மன்னிச்சிடுங்க அங்கிள், உங்களைத் தப்பா நெனச்சிட்டேன். கூட வேலை செஞ்ச ஒருத்தருக்காக யாரு இவ்வளவு செய்வா?"

முத்தையா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள கை இருக்கான்னு பாக்காம சுவிட்சைப் போட்டது நான்தாம்மா. மெஷின் பழுதுன்னு ரிப்போர்ட் எழுதிக் குடுத்ததும் நான்தான். அவன் இன்னும் அந்த மெஷினைத்தான் திட்டிக்கிட்டிருக்கான்."