இரண்டு வினாடிக்குள்

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் லாரி கம்பெனி மேனேஜர், கையில் ஸ்டாப்வாட்ச்சுடன்.

அவன் சாவியைத் திருகினான். கம்பெனிச் சின்னம் கண்சிமிட்டி மறைய, ரிவர்ஸ் கேமராவின் படம் திரையில் வந்து நின்றது. இரண்டு வினாடிகூட ஆகவில்லை. மேனேஜர் சிரித்தார், அண்ணி சிரித்தாள். பெட்டியின் மூடிக்குள் தான் ஒளித்துவைத்த பேட்டரியும் சேர்ந்து சிரிப்பதாக அவனுக்குத் தோன்றியது.

அண்ணிதான் முதலாளி. வேலை கிடைக்காமல் வீட்டில் சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்த கொழுந்தனை இழுத்துவந்து, கேமரா படத்தைத் திரைக்கு அனுப்பும் மின்னணு போர்டைக் கையில் கொடுத்து, பூட்லோடர் உன் பொறுப்பு என்று சொன்னவள். பூட்லோடர் என்பது போர்டை இயக்கும் லினக்ஸ் மென்பொருளைத் தட்டி எழுப்பும் குட்டி புரோகிராம். எழுப்புவதற்கு முன் அது கொஞ்ச நேரம் சும்மா நிற்கும்; பென்டிரைவ் உண்டா, நெட்வொர்க் உண்டா என்று ஊரெல்லாம் விசாரிக்கும்.

சாவி போட்ட இரண்டு வினாடிக்குள் படம் வர வேண்டும் என்பது லாரி கம்பெனியின் நிபந்தனை. அந்த விசாரணையை எல்லாம் வெட்டியும் ஆறு வினாடிக்குக் கீழே இறங்கவில்லை. இந்த ஆர்டர் போனால் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்று அண்ணி அண்ணனிடம் சொன்னது வேறு காதில் விழுந்து தொலைத்தது. அவன் உள்ளே ஒரு பேட்டரியைச் சொருகினான். இனி சாவியை அணைத்தால் திரை மட்டும் தூங்கும். போர்டு தூங்காது, விட்ட இடத்திலிருந்து படம் காட்டும். தூங்காதவனை எழுப்ப நேரம் எதற்கு?

மேனேஜர் பேனாவைத் திறந்தபடி பேச்சுவாக்கில் சொன்னார். போன மாதம் திரை வருவதற்குள் ரிவர்ஸ் எடுத்த டிரைவர், பின்னால் நின்ற லோடுமேனை இடித்துவிட்டாராம். லோடுமேனுக்கு ஒரு கால் போய்விட்டதாம்.

பேட்டரி தீரும் அன்று லாரிக்குப் பின்னால் யார் நிற்பாரோ. அவன் எட்டி மேனேஜரின் பேனாவைப் பிடித்தான்.

"சார், கையெழுத்து போடாதீங்க. உள்ள பேட்டரி வச்சு ஏமாத்திட்டேன். அண்ணிக்கு எதுவும் தெரியாது."

மேனேஜர் ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கி, தானே மூடியைக் கழற்றினார். உள்ளே போர்டு இருந்தது. பக்கத்தில் டேப் ஒட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது.

மேனேஜர் அவனைப் பார்த்தார். அவன் அண்ணியைப் பார்த்தான்.

"அதை நேத்தே கழட்டிட்டேன்" என்றாள் அண்ணி, டீயை ஆற்றியபடி. "லினக்ஸ் எழுந்ததும் கேமராவை முதல்ல ஓடவிட்டா மிச்ச நாலு செகண்டும் குறைஞ்சிடுது. இப்ப வந்தது நிஜமான ஸ்டார்ட்தான், தம்பி."

"அப்ப ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?"

"நீயா சொல்றியான்னு பார்த்துட்டிருந்தேன்."