டபுளா, ட்வினா

யார்க் நகர வரைபடத்தை அவள் மடித்துக்கொண்டிருந்தபோது அவன் ஃபோன் செய்தான்.

வேலையிடத்திலிருந்து. பகலில் அவன் கூப்பிடுவதே இல்லை.

ஹோட்டலில் ரூம் போடப் போகிறேன், டபுளா ட்வினா, உனக்கு எது வேண்டும் என்று கேட்டான். இரண்டும் ஒரே விலைதானாம்.

அவளுக்குக் காது சுட்டது. இதைப் போய் வாய்விட்டுக் கேட்பார்களா.

அவள் இங்கிலாந்துக்கு, இந்த லெஸ்டருக்கு வந்து எட்டு மாதம். கல்யாணமாகி அதற்கு முன் ஐந்து வருஷம் அவன் இங்கே, அவள் சங்கரன்கோவிலில். விசா வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். வந்தது. அவள் வந்த முதல் வாரமே அவன் தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறை சோபாவுக்குப் போய்விட்டான். ஷிப்ட் மாறி மாறி வருகிறது, உன் தூக்கம் கெடும் என்றான்.

ஷிப்ட் மாறாத மாதங்களிலும் தலையணை திரும்பி வரவில்லை.

இரண்டு நாள் எங்கேயாவது போய் வரலாம் என்று சொன்னது அவன்தான். போன ஞாயிற்றுக்கிழமை, சட்டைக்கு இஸ்திரி போட்டபடி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். செவ்வாய் போய் புதன் திரும்பினால் ரயில் மலிவு. செவ்வாய்க்கிழமை கிளம்புவது அம்மாவுக்கு ஆகாது. அம்மாவிடம் புதன் என்று சொல்லிக்கொள்ளலாம். கோட்டைச் சுவர் மேல் நடக்கக் காசு கேட்பதில்லை. ரயில் மியூசியத்துக்கும் கேட்பதில்லை. பெரிய தேவாலயத்துக்கு டிக்கெட் உண்டு, வெளியே நின்று பார்த்தால் போதும். முதல் நாளுக்குப் புளியோதரை. மறுநாளுக்குப் பொடி தடவிய இட்லி.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு மட்டும் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள்.

டபுள் என்றால் அவளுக்குத் தெரியும். ரெண்டு கட்டில். ஆளுக்கொன்று.

ட்வினும் தெரியும். ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் சார் இரட்டை வாழைப்பழம் ஒன்றைத் தூக்கிக் காட்டி, இதுதான் ட்வின் என்றார். ஒரே தோலுக்குள் ஒட்டிக்கொண்டு இரண்டு. உரித்துக் கொடுங்க சார் என்று வகுப்பே கத்தியது. பிரித்துவிட்டால் அப்புறம் இது ட்வின் இல்லை என்று மேஜைக்குள் வைத்துவிட்டார்.

கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, ட்வினே போடுங்க என்றாள்.

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு.

“நானும் அதத்தான் நெனச்சேன், கோமு. ஒங்கிட்ட எப்படிக் கேக்கன்னுதான் இருந்தேன்.”

ஃபோனை வைத்த இடத்திலேயே நின்று சிரித்தாள். தலைக்குக் குளித்தாள். பெட்டிக்குள் அடியில் கிடந்த கத்தரிப்பூ நிறச் சேலையை எடுத்து மேலாக வைத்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பெய்துவிட்டுப் போகட்டும்.

மூன்று மணிக்கு ஹோட்டலின் மெயிலை அவன் அவளுக்கும் அனுப்பியிருந்தான். படத்தோடு.

இந்தச் சுவரோரம் ஒரு கட்டில். அந்தச் சுவரோரம் ஒரு கட்டில். நடுவில் குட்டி மேஜை, அதன் மேல் ஒரு விளக்கு. ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளை விரிப்பு.

கீழே ட்வின் என்று போட்டிருந்தது.

விரலால் தள்ளி டபுளையும் பார்த்தாள். ஒரே அகலக் கட்டில், ஒட்டினாற்போல இரண்டு தலையணை.

பார்த்திருக்க வேண்டாம்.

மாற்ற வேண்டுமானால் இன்று ராத்திரி வரை மாற்றலாம் என்று மெயிலிலேயே இருந்தது. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அவன் பெயர் வரைக்கும் விரல் போயிற்று.

அப்போதுதான் அந்த மூச்சு ஞாபகத்துக்கு வந்தது.

ஏக்கப்பட்டவன் விடுகிற மூச்சு இல்லை அது. தலைச்சுமையை இறக்கி வைத்தவன் விடுகிறது.

அவன் சீக்கிரமே வந்தான். வாசலிலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டான். யார்க்கில் இரண்டு நாளும் மழையாம். அவளுக்கென்று தனியாக ஒரு குடை வாங்கி வந்திருந்தான்.

எட்டு மாதத்தில் முதல் முறையாக அடுப்படியில் அவள் பக்கத்தில் நின்று பேசினான். புளியோதரை வாசத்துக்கு ஹோட்டல்காரன் மாடியேறி வந்துவிடுவான், அவனுக்கும் ஒரு பொட்டலம் சேர்த்துக் கட்டு என்று கேலி செய்தான். மூன்றாவது தோசையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். இந்த மனுஷனை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தான் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஜன்னலோரத்துக் கட்டில நீ எடுத்துக்கிடுதியா?”

இன்றைக்கு முன் அவளுக்கு என்ன பிடிக்கும் என்று அவன் இப்படிக் கேட்டதே இல்லை.

கல்லில் கிடந்த தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அந்த ஜன்னல் வழியாக என்ன தெரியும் என்று கேட்டாள்.