சுரங்கத்து முனி

"உள்ள வெறும் களிமண்ணுதான் இருக்கு. அதான் எங்களுக்குக் காட்ட மாட்டேங்கிறீங்க!" சிசிலியின் குரல் மலையில் மோதித் திரும்பியது.

"அக்கா, சத்தம் போடாதீங்க. உள்ள முனி எறங்கியிருக்கு" என்றார் கஜேந்திரன்.

நோர்வூட்டுக்கு மேலே, கொழுந்து பறிக்காமல் காடாகிப்போன தேயிலை மலையொன்றைக் குத்தகைக்கு எடுத்துத் தங்கக் கம்பெனி தொடங்கியவர் அவர். தோட்டத்து லயக் குடியிருப்பு ஆட்கள் நகையைக் கொடுத்துப் பங்குதாரர் ஆனார்கள். சிசிலி கொடுத்தது மகள் பிரேமினியின் கல்யாணச் சங்கிலி. மினுங்கும் மண் வாரந்தோறும் வாட்ஸ்அப்பில் வந்தது. சுரங்கத்துக்குள் மட்டும் எவரையும் விடவில்லை.

"நாங்க வேதக்காரங்க. முனி எங்கள என்னா செய்யும்?"

"காதைக் குடுத்துக் கேளுங்க."

மலையின் வயிற்றுக்குள்ளிருந்து டொக்... டொக்... சிசிலி அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"உள்ள வேலை செஞ்ச வினோஜன் எங்க? அவனக் கேட்டா உண்மை தெரியும்ல?" என்றார் இன்னொரு பங்குதாரர் சின்னத்தம்பி.

கஜேந்திரன் சுரங்க வாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதற்குள் சிசிலி முந்திக்கொண்டாள். ஊர்ச் செய்தியை வேறொருவர் முதலில் சொல்லிவிட்டால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

"அவன்தான் நம்ம லயத்து நிரோஜினியோட கொழும்புக்கு ஓடிட்டானே! ரெண்டு பேரும் ஒரே நாள்லதானே காணாமப் போனாங்க?"

"பாருங்க, அக்காவே சொல்லிட்டாங்க" என்றார் கஜேந்திரன். அப்போதுதான் அவர் முகத்தில் ரத்தம் ஓடியது.

வினோஜனின் தாய் வீரம்மா மட்டும், "சொல்லாமப் போற புள்ள இல்லைங்க" என்று முனகினாள்.

"காதல் வந்தா ஆத்தா ஞாபகமா வரும்?" என்று அவளை அடக்கிவிட்டுச் சிசிலி திரும்பினாள். "நகையத் திருப்பிக் குடுங்க. இல்லாட்டி முனியோட நானே பேசிக்கிறேன்."

மறுநாளே எல்லோருக்கும் நகை வந்துவிட்டது. முனியைக் கட்டச் சுரங்க வாயை அடைக்க வேண்டும் என்றார் கஜேந்திரன். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கல் வைத்துச் சீமெந்து பூசிய மேசன்மாருக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்ததே சிசிலிதான். அதன் பிறகும் கொஞ்சம் சத்தம் கேட்டது. அப்புறம் முனி அடங்கிவிட்டது.

கஜேந்திரன் கண்டிப் பக்கம் பெண் கட்டி அங்கேயே போய்விட்டார். பிரேமினிக்குத் தை மாதம் மாதா கோவிலில் கல்யாணம். கழுத்தில் மீட்ட சங்கிலி மினுங்கியது.

விருந்து நடுவே நிரோஜினி வந்து நின்றாள். பக்கத்தில், கொழும்புக் கார்மென்ட்ஸ் வேலையில் பழகிக் கட்டிய மட்டக்களப்புப் புருஷன்.

'ஒருத்தனோட ஓடி இன்னொருத்தனோட வர்றாளே!' சிசிலிக்கு நாக்கு ஊறியது. பரிமாறிய கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு விரைந்தாள். ஆனால் சோற்றுக் கையோடு வீரம்மா அவளை முந்திவிட்டாள்.

"எம் மகன் எங்கம்மா?"

நிரோஜினி விழித்தாள்.

"வினோஜன் அண்ணனா? நான் தனியாத்தானே பெரியம்மா போனேன்."