கூடக் குறையப் பத்து லட்சம்

குலசிங்கம் அங்கிள் களவாக எண்களை எழுதிக்கொண்டு போகிறார் என்று நிலாணி அனுப்பிய மின்னஞ்சலில் மொத்தமே நாலு வரிதான். அவர்களைப் போலவே தமிழரான மனேஜர் மாக்கஸுக்கு ஒன்று, தலைமை அலுவலகத்துக்குப் பிரதி ஒன்று.

கனடாவில், எட்டோபிக்கோவில் இருக்கும் அந்த ஆய்வுகூடத்தில் கல்லுக்கு வயது பார்ப்பதுதான் வேலை. கல்லை நொறுக்கி, அதற்குள் கிடக்கும் மணல் போன்ற சிர்க்கோன் மணிகளைப் பொறுக்கி, அதிலுள்ள யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று நிலாணி அளப்பாள். குலசிங்கம் அங்கிளுக்கு அங்கே துப்புரவு வேலை. ரெக்ஸ்டேலில் பஸ் ஏறிப் பின்னேரம் நாலு மணிக்கு டாண் என்று வந்துவிடுவார்.

ஆறு மாதமாக, வந்ததும் வராததுமாக ஒரே கேள்விதான்.

"இண்டைக்கு என்ன வயசு வந்தது, பிள்ளை?"

"இருநூற்றி எழுபது கோடி வருஷம், அங்கிள்."

"அம்மாடி! அதுக்குப் பக்கத்திலை கூட்டலும் கழித்தலும் ஒண்டுக்குக் கீழை ஒண்டாக் கிடக்கு. உது என்ன?"

"கூடக் குறையப் பத்து லட்சம் வருஷம் எண்டு அர்த்தம். எங்கடை மெசினாலை அதுக்கு மேலை துல்லியமாச் சொல்லேலாது."

"பத்து லட்சம் வருஷம் பிழைச்சாலும் ஏற்றுக்கொள்ளுவினமோ?"

"பின்னை? நாங்கள் எழுதிக் குடுத்தா அவ்வளவுதான். கவண்மென்ரும் ஏற்கும்."

அவர் மொப் தடியைப் பிடித்தபடி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், பேச்சுத் துணைக்கு ஆளில்லாத மனிசன் என்றுதான் அவள் அப்போது நினைத்தாள்.

போன மாதம் எல்லாம் மாறிப் போயிற்று. வடக்கே தங்கம் தேடும் ஒரு கம்பெனியின் கல் வந்திருந்தது. பக்கத்துக் காணியில் தங்கம் கிடைத்த பாறைப் படையும் இந்தக் கல்லும் ஒரே வயதென்றால், இங்கேயும் தோண்டிப் பார்க்கலாம். அறிக்கை போவதற்கு முன்னமே செய்தி வெளியே கசிந்து, அந்தக் கம்பெனியின் பங்கு விலை விறுவிறுவென்று ஏறிவிட்டது. இனி ஓர் எண் வெளியே போனாலும் சம்பந்தப்பட்டவருக்கு வேலை இல்லை என்று மாக்கஸ் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

இன்று பின்னேரம் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் அங்கிளின் சின்னக் கொப்பி விழுந்து கிடந்தது. ஆறு மாதத் திகதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அவருடைய கோணல் எழுத்தில் பத்து லட்சம், பதினாலு லட்சம், எட்டு லட்சம் என்று இருந்தது. கல்லின் பேரும் இல்லை, அதன் வயதும் இல்லை.

சரியான எமகாதகன், ஒருவருக்கும் விளங்காதபடி மறைத்து எழுதியிருக்கிறார் என்று நிலாணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்டதற்கெல்லாம் வாயைத் திறந்து பதில் சொன்னவள் அவள்தானே. அவளுடைய வேலையும் அல்லவா போகப் போகிறது! கொப்பியை மாக்கஸின் மேசையில் வைத்துவிட்டு வந்துதான் அந்த மின்னஞ்சலை அனுப்பினாள்.

மாக்கஸ் கொப்பியோடு வந்தார்.

"ஆருக்கு அண்ணை விக்கிறியள்?"

"விக்கிறதோ? ஐயோ தம்பி, நான் என்னத்தை விக்க?"

"அப்ப உது என்ன? கிளையன்ரின்ரை நம்பர் ஒண்டும் வெளியிலை போகக் கூடாதெண்டு சைன் வச்சனீங்கள் எல்லோ. ஹெட் ஒஃபீசுக்கும் தெரிஞ்சிட்டுது. இனி நான் நினைச்சாலும் ஒண்டும் செய்யேலாது. ஐடியைத் தாங்கோ."

அங்கிள் மொப் தடியைச் சுவரில் சாத்தினார். கழுத்தில் தொங்கிய ஐடியைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு ஜக்கெற்றுக்குள் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து நிலாணியிடம் நீட்டினார்.

குடிவரவு அலுவலகக் கடிதம். மகன் ஜனார்த்தனைக் கனடாவுக்குக் கூப்பிட அவர் போட்ட விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள். பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது முடிந்திருக்கக் கூடாது. விண்ணப்பம் கிடைத்த அன்று அவனுக்கு இருபத்திரண்டு முடிந்து ஐந்து நாள்.

"உண்மையா முடியேல்லை, பிள்ளை. அவன் வீட்டிலை பிறந்தவன். மாசி பதினொண்டு, பெப்ரவரி. தை, ஜனவரி முப்பத்தொண்டுக்குள்ளை பிறந்தாத்தான் பள்ளிக்கூடத்திலை அந்த வருஷம் எடுப்பினம். பெடிக்கு ஒரு வருஷம் வீணாப் போயிடுமே எண்டு நான்தான் தை முப்பத்தொண்டு எண்டு பொய் சொல்லிப் பதிஞ்சனான். இப்ப தாயும் இல்லை, அங்கை தனிய நிக்கிறான். எத்தினை தரம் சொல்லிப் பாத்திட்டன். ஒருத்தரும் நம்பினமில்லை."

மாக்கஸ் நிலத்தைப் பார்த்தார். நிலாணி கணினியைப் பார்த்தாள். போன மின்னஞ்சலைத் திருப்பி எடுக்க வழியில்லை.

அங்கிள் மாக்கஸின் கையிலிருந்த கொப்பியைக் காட்டினார்.

"கல்லுக்குப் பத்து லட்சம் வருஷம் பிழைச்சாலும் கவண்மென்ர் ஏற்கும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

நிலாணி தலையை மட்டும் ஆட்டினாள்.

"எனக்குப் பதினொரு நாள் எழுதித் தாங்கோ, பிள்ளை."