பல்லியின் சாட்சி

"இப்போ நான் சொல்றது பொய்" என்று கீழே ஒருத்தி சிரித்தபடி சொன்னது, சுவரிலிருந்த பல்லியின் காதில் விழுந்தது. மெய்யென்றால் 'ச்சுச்சு' கொட்டுவதும் பொய்யென்றால் பேசாமலிருப்பதும் அதன் பரம்பரை உத்தியோகம். இதுவரை தப்பியதே இல்லை என்ற பெருமை அதற்கு உண்டு.

கொட்டினால் அவள் சொன்னது பொய்யாகிவிடும்; பேசாமலிருந்தால் மெய்யாகிவிடும். வால் துடித்தது.

"மெய்யும் இல்ல, பொய்யும் இல்லன்னு விட்டுடேன்" என்றது பக்கத்துக் கடிகாரம்.

"அதுக்கு எங்க வம்சத்துல சத்தம் கிடையாது."

"அப்போ, தன்னைப் பத்தியே பேசுற பேச்சுக்குச் சாட்சி சொல்ல மாட்டேன்னுடு."

"என் பெருமையைத் தவிர நான் வேற எதைப் பத்திப் பேசறேனாம்?"

கீழே எல்லோரும் பல்லியின் சொல்லுக்காக அண்ணாந்து காத்திருந்தார்கள். பல்லி தலையை நிமிர்த்தி, விளக்கடிக்கு நடந்துபோய், கொழுத்த ஈசலொன்றை வாய்நிறையக் கவ்விக்கொண்டது.