ஒரே சமயத்தில்

"எழுபது வயசுத் தாத்தாவுக்கு, 'தாயும் சேயும் நலம்'னு ஆஸ்பத்திரி லெட்டர் போயிருக்குப்பா!" என்றார் மேனேஜர்.

இனிப்பை மென்றபடி ஆபீசே வயிறு வலிக்கச் சிரித்தது. இனிப்பு வாங்கி வந்த புரோகிராமரும் சிரித்துக்கொண்டேதான், அந்த ஆஸ்பத்திரிக் கடிதங்களைத் தயாரிக்கும் தன் புரோகிராமைத் திறந்தான்.

முன்பெல்லாம் ஒரு நோயாளியின் ரிசல்ட் வந்து கடிதத்தில் ஏறிய பிறகே அது அடுத்தவருடையதைக் கேட்கும். ஆறப் பொறுக்காமல், எல்லாருடையதையும் ஒரே சமயத்தில் கேட்க வைத்தது அவன்தான். முதலில் வந்த ரிசல்ட், யாருடையதானாலும், முதல் கடிதத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

"எத்தனை லெட்டர் மாறிருக்கு?"

"இந்த வாரம் போனது எதையும் நம்ப முடியாது சார்."

சிரிப்பு அடங்கியது.

"ஆமா, இனிப்பு எதுக்குன்னு சொல்லவே இல்லையே?"

அவன் சட்டைப்பையைத் தொட்டான். மனைவிக்கு நேற்று வந்த கடிதம்: 'புற்றுநோய் இல்லை.'