கதவுக்கு முட்டு

காலை எட்டு மணிக்குள் மூன்றாவது முறையாகத் தலைவாசல் கதவு சாத்திக்கொண்டது. சின்னுசாமி பதறிப்போய், கதவுக்கு முட்டுக் கொடுக்கத் தன் கையாலேயே செதுக்கிய தேக்குக் கட்டையைக் கவிழ்த்துப் போட்டு, டிரில்லிங் மெஷினை எடுத்தார்.

போர்வெல் போடும் ரிக் லாரி ஏழுக்குச் சொந்தக்காரர். புதுச்சத்திரத்தில் புது வீடு; எட்டடி உயரத்துக்குக் கஜலட்சுமி உருவம் செதுக்கிய ஒற்றைக் கதவு. ஒன்பது மணிக்கு மகள் ஜெயப்பிரியாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா சகுனம் பார்ப்பவர். படியேறும்போது கதவு சாத்திக்கொண்டால் காரைத் திருப்பிவிடுவார்.

“இந்தக் காத்துக்கு இன்னிக்கு என்ன கேடு?” என்றார், அசையாமல் தொங்கிய மாவிலைத் தோரணத்தின் கீழே நின்றுகொண்டு.

துடைப்பமும் கையுமாகக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள் மனைவி மஞ்சுளா. “கட்டைக்குக் கனம் பத்துலீங்க. பேரிங் குண்டு கெடக்குதுல்ல, அதைப் போட்டு ரொப்புங்க. அடியில டயர் ரப்பரை ஒட்டுனா நவுறாது.”

“பாத்தியா! எங்கூட இருந்து இருந்து உனக்கும் மூளை வந்துருச்சு.”

பட்டுப்புடவையும் கையில் புத்தகமுமாக வந்தாள் ஜெயப்பிரியா. “அப்பா, பத்து மணிக்குக் கடைசிப் பரிச்சைங்கப்பா.”

“அரியர் வெச்சு எழுதிக்கலாம் சாமி. பதினாறு ரிக் வெச்சிருக்கற மாப்பளை அரியர்ல கெடைப்பானா?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைக் கூட்டினாள்.

கட்டையைக் குடைந்து, குழிக்குள் குண்டுகளைக் கொட்டி, மேலே தகரம் வைத்து ஆணியடித்து, அடியில் ரப்பரை ஒட்டினார் சின்னுசாமி. பன்னிரண்டு கிலோ தேறியது. கதவடியில் வைத்து உதைத்துப் பார்த்தார். கால்தான் வலித்தது.

“இனிப் புயலே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது” என்று வெள்ளை வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனார். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ரோட்டைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், செல்லைப் பார்த்தார். வீட்டைத் திரும்பிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

ஒன்பதே காலுக்கு இரண்டு கார்கள் வந்தன. கும்பிட்ட கையோடு, வந்தவர்களுக்கு முன்னால் படியேறியவர் திகைத்து நின்றார். கதவு சாத்தியிருந்தது. தள்ளினால் ஒரு விரற்கடை உள்ளே போய், கட்டையில் முட்டி நின்றது.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு படி கீழே இறங்கினார்.

“ஜெயா! கட்டையை எடு சாமி, மானம் போகுது!”

உள்ளேயிருந்து மஞ்சுளாவின் குரல் நிதானமாக வந்தது. “புள்ள பின்வாசல் வழியாப் பரிச்சைக்குப் போயி அரை மணி நேரமாச்சுங்க.”